ராணிக்கு எந்தக் கன்னம்?

(மதுரை, மாசி வீதி ஓரத்து டீக்கடை. கோபால் சார் ஓய்வு பெற்ற கிளை நூலகர். இணையத்தில் வாரம் ஒரு அத்தியாயமாக ‘யாளி நாடு’ என்று ஒரு மாயக்கதை எழுதுகிறார். படம் மாரிமுத்து. ஃப்ளெக்ஸ் வரும்வரை ஊரில் பாதிக் கடைப் பெயர்ப் பலகை அவர் கையெழுத்துதான்.)

கோபால்: மாரி, அஞ்சாம் அத்தியாயத்துக்கு 47 பேர் எழுதியிருக்கிறார்கள்.

மாரி: அடேயப்பா! என்ன சார் சொல்கிறார்கள்?

கோபால்: 46 பேர் படம் பிரமாதம் என்கிறார்கள்.

மாரி: மிச்சம் ஒருத்தர்?

கோபால்: அவர் ஒருத்தர்தான் என் எழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மாரி: பார்த்தீங்களா, உங்களுக்கும் ஆள் இருக்கு. என்ன எழுதியிருக்கிறார்?

கோபால்: “எழுத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் போடுங்கள், யாளியின் வால் மறைகிறது.”

மாரி: (டீயை ஊதியபடி) வால் நல்லா வந்திருந்தது சார். புது மண்டபத்துத் தூண் முன்னால் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்துப் போட்டது.

கோபால்: வால் இருக்கட்டும். யாளியின் முன்னங்காலில் ஆறு நகமாம். “இது கம்ப்யூட்டர் வரைந்ததா?” என்று ஒருத்தர் கேட்கிறார்.

மாரி: கம்ப்யூட்டரா! கீழ் மூலையில் வட்டமாக டீக்கறை இருக்கே, அது அவர் கண்ணில் படவில்லையா? கம்ப்யூட்டர் டீ குடிக்குமா சார்?

கோபால்: ஆறாவது நகம்?

மாரி: அது ஈ. என் மகள் போட்டோ எடுக்கும்போது வந்து உட்கார்ந்தது.

கோபால்: விரட்டக் கூடாதா?

மாரி: சரியாக விரல் நுனியில் உட்கார்ந்தது. பார்க்க நல்லா இருந்தது, விட்டுவிட்டேன்.

கோபால்: சரி, இதைச் சொல். ராணிக்குத் தழும்பு எந்தக் கன்னத்தில்?

மாரி: இடது.

கோபால்: நான் எழுதியதும் இடது. ரெண்டாம் அத்தியாயத்தில் நீ போட்டதும் இடது. போன வாரம் மட்டும் எப்படி வலது?

மாரி: வலது இல்லை சார், எனக்கு இடது பக்கம்தான்.

கோபால்: உனக்கு இடது என்றால், உன்னைப் பார்த்து நிற்கிற ராணிக்கு வலது.

மாரி: (யோசித்து) அதுவும் சரிதான். ரெண்டாம் அத்தியாயத்தில் அவள் பக்கவாட்டில் நின்றாள். ஒரு கன்னம்தான் தெரிந்தது, தப்புப் பண்ண வழியில்லை.

கோபால்: இப்போது கரூரில் இருந்து ஒருத்தர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ராணி ஒருத்தி இல்லையாம், இரட்டையராம். முதலாமவளைச் சிறையில் போட்டுவிட்டு ரெண்டாமவள் ஆள்கிறாளாம். “ஐயா எவ்வளவு நுட்பமாகக் குறிப்பை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்!” என்று கண்ணீர் விட்டிருக்கிறார்.

மாரி: நல்லா இருக்கே சார். உங்கள் கதையைவிட...

கோபால்: சொல்லி முடி.

மாரி: ...உங்கள் கதையைவிட்டு விலகாமல் யோசித்திருக்கிறார் என்று சொல்ல வந்தேன்.

கோபால்: வாசகர்கள் யாரையும் விட்டதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950-ல் தொடங்கி 1954 வரைக்கும் தொடராக வந்தது. முடித்த பிறகும் அவருக்கு என்ன ஆச்சு, இவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டு, கல்கியை முடிவுரையில் பதில் எழுத வைத்துவிட்டார்கள்.

மாரி: அதற்கு மணியம் படம்! எங்கள் அப்பா அதைப் பார்த்துத்தான் முகம் போடக் கற்றுக்கொண்டார். லைப்ரரி பைண்டிங்கில் இருந்து பிளேடால் அப்படியே அழகாக...

கோபால்: (டீ கிளாஸைக் கீழே வைத்து) எந்த லைப்ரரி?

மாரி: ...அழகாக நகல் எடுத்து வைத்திருந்தார்.

கோபால்: முப்பது வருஷம் அந்த ஓட்டைக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன் மாரி! வானதி இருந்த இடத்தில் ஜன்னல்!

மாரி: பின்பக்கம் வெறும் கதைதானே சார் இருந்தது.

(சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. மாஸ்டர் டீ ஆற்றும் சத்தம்.)

கோபால்: அடுத்த வாரத்தோடு முடிக்கப் போகிறேன். யாளி நாட்டைச் சுற்றி மந்திர மதில் எழுப்பி, இனி அங்கே இருந்து ஒரு சேதியும் வராது என்று எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் பாம் என்றொருவர் ‘ஓஸ்’ நாட்டுக் கதைகள் எழுதினார். பிள்ளைகள் கடிதம் போட்டுப் போட்டு இன்னும் இன்னும் என்றார்கள். 1910-ல் இதைத்தான் செய்தார்.

மாரி: விட்டார்களா?

கோபால்: கம்பியில்லாத் தந்தி இருக்கிறதே, அதில் கேட்டு எழுதுங்கள் என்று ஒரு குழந்தை யோசனை சொல்லிவிட்டது. 1913-ல் மறுபடி தொடங்கினார்.

மாரி: கெட்டிக்காரக் குழந்தை. அதற்குப் படம் யார் சார்?

கோபால்: 1900-ல் வந்த முதல் புத்தகத்துக்கு டென்ஸ்லோ.

மாரி: வசதியாக இருந்தாரா?

கோபால்: அது எதற்கு இப்போது?

மாரி: சும்மா, தொழில்காரர் என்று கேட்டேன்.

கோபால்: (முனகலாக) பெர்முடாவில் ஒரு தீவு வாங்கினார்.

மாரி: தீவா!

கோபால்: அதற்குத் தானே ராஜா என்று முடியும் சூட்டிக்கொண்டார்.

மாரி: எழுதினவர்?

கோபால்: 1911-ல் திவால்.

(மாரிமுத்து சட்டைப் பையில் கை விடுகிறார்.)

மாரி: சார், டீக்கு நான் கொடுக்கிறேன்.

கோபால்: உட்கார். முடிக்கப் போவதில்லை. இரட்டையர் என்றே வைத்துக்கொள்வோம். ஆறாம் அத்தியாயம், ரெண்டு ராணியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இடது கன்னத் தழும்புக்காரி சிம்மாசனத்தில் இருந்து இறங்கி வருகிறாள்.

மாரி: சிம்மாசனத்தைப் படத்தில் இடது பக்கம் போட்டு முடித்துவிட்டேனே. நேருக்கு நேர் என்றால் பக்கவாட்டு முகம்.

கோபால்: அதனால் என்ன?

மாரி: (விரலால் பெஞ்சில் கோடு போட்டுப் பார்த்து) ரெண்டு பேருக்கும் தழும்பு அந்தப் பக்கம் போய்விடும் சார். ஒன்றும் தெரியாது.

கோபால்: தெரியாவிட்டால் போகட்டும்.

மாரி: தழும்பே இல்லாத ராணிகள் ரெண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று கரூர்க்காரர் எழுதுவாரே.

கோபால்: (கண்ணை மூடிக்கொண்டு) மாஸ்டர், இன்னொரு டீ. மாரி கணக்கில்.