மயஸ்தீனியாவுக்கு மக்னீசியம் மருந்தல்ல

‘கண் இமை தொங்குவதும் சாயங்காலமானால் கை கால் ஓய்ந்துபோவதும் மக்னீசியக் குறைவுதான். தினமும் மக்னீசியம் சாப்பிட்டால் மயஸ்தீனியா கிராவிஸ் குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

மயஸ்தீனியா கிராவிஸ் என்பது தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய். இது சத்துக் குறைவால் வருவதல்ல. தசையை இயங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைப் பெரும்பாலோருக்கு உடலின் எதிர்ப்புப் புரதங்களே தாக்குகின்றன. அதனால்தான் காலையில் நன்றாக மென்றவர் இரவுச் சாப்பாட்டில் பாதியிலேயே தாடை சோர்ந்து, கையால் முட்டுக்கொடுக்கிறார். ஓய்வெடுத்தால் கொஞ்சம் தெம்பு திரும்பும்.

மக்னீசியமோ நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிவருவதையே குறைக்கும். அதிலும் ஊசி வழியாக ஏற்றுவது மிக ஆபத்து. அமெரிக்க மயஸ்தீனியா கிராவிஸ் அறக்கட்டளையின் இணையதளத்தில் உள்ள மருந்து எச்சரிக்கைப் பட்டியலிலும் மக்னீசியம் இருக்கிறது, பார்க்கலாம்.

இந்த நோய்க்குத் தரப்படும் பைரிடோஸ்டிக்மின், ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் மூச்சுத் தசைகளே தளர்ந்துவிடலாம். மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாமல் போனாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சரியான சிகிச்சையோடு பலர் வழக்கமான வாழ்க்கை வாழ்கிறார்கள்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள்.