படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்

மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை அறிவிப்பு இப்போது அடிக்கடி வருகிறது. சர்க்கரை நோயாளிகள், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், ஆஸ்துமாவால் அவதிப்படுபவர்கள், சொரியாசிஸ் குணமாகாமல் அலைபவர்கள் புதிய மருந்துக்கான ஆய்வில் தன்னார்வலர்களாகச் சேரலாம், பரிசோதனையும் மருந்தும் இலவசம், வந்து போகும் செலவும் தரப்படும் என்று அதில் இருக்கும். சற்று நேரத்தில் ஒருவர், "போகாதீர்கள், சோதனை எலியாக்கிவிடுவார்கள்" என்று எழுதுவார். இன்னொருவர், "பெரிய டாக்டர் இலவசமாகப் பார்ப்பார், விடாதீர்கள்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு பதில்களுமே நம் மக்களுக்குக் கெடுதல் செய்கின்றன என்று நினைக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு, பரேல் பகுதி மருத்துவமனைகளுக்கு வரும் தமிழ் நோயாளிகளுக்கு மொழித் துணையாகச் சென்று வருகிறவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில், இத்தகைய ஆய்வுகள் தேவை. அவற்றில் நம்மவர்களும் சேர வேண்டும் என்பதே என் கருத்து. 1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், முழு ஓய்வு, முட்டை, பால், நல்ல காற்று என்று பொருள். அத்தனை படுக்கைகளுக்கு நம் நாடு எங்கே போகும்? எனவே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரை அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சரியான சாப்பாடு இல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டு, ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான், காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையை உலகத்துக்குக் கொடுத்தது. அதைச் சாத்தியமாக்கியவர்கள் சென்னையின் ஏழைத் தமிழர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் அவர்களால் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இந்த ஊருக்கே வருவோம். வாய்ப் புற்றுநோய் நம் மக்களிடம் எவ்வளவு என்பது புகையிலையும் குட்காவும் விற்கும் கடைகளைப் பார்த்தாலே தெரியும். ஆரம்ப நிலையில் இருக்கும் வாய்ப் புற்றுக்கு அறுவை செய்யும்போதே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட வேண்டுமா, அல்லது பின்னால் கட்டி தெரிந்தால் எடுத்தால் போதுமா என்று உலகெங்கும் பல்லாண்டுகளாக மருத்துவர்களிடையே விவாதம் இருந்தது. பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனை அதை ஆய்வு செய்து 2015இல் முடிவை வெளியிட்டது. முதலிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 80 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காடு. இந்த வேறுபாடு தெளிவானதும் மேற்கொண்டு ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே மருத்துவமனை 2022இல், பல லட்சம் ரூபாய் விலையுள்ள நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தால் தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்குப் பயன் உண்டா என்று பார்த்த ஆய்வை வெளியிட்டது. ஓராண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தார்கள். குறைந்த அளவு மருந்து போதுமா என்று கேட்டுப் பார்க்க விற்கும் நிறுவனத்துக்கு என்ன அக்கறை இருக்கப்போகிறது? அரசு மருத்துவமனையும், அங்கே சேர முன்வந்த நோயாளிகளும்தான் அதைக் கேட்க முடிந்தது.

ஆனால் மேலே சொன்ன கழுத்து அறுவை ஆய்வை இன்னொரு முறை பாருங்கள். காத்திருக்கும் பிரிவில் சேர்ந்தவர்கள் அதிகமாக இழந்தார்கள். எது மேல் என்று யாருக்கும் தெரியாத நிலையில் குலுக்கல் அவர்களை அங்கே சேர்த்தது. ஆய்வு என்றால் இதுதான். இதை முழுதாக அறிந்து ஒருவர் சம்மதித்தால் அது பெரிய கொடை. அறியாமல் கையெழுத்திட்டால், அவரிடமிருந்து அது எடுத்துக்கொள்ளப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி எடுத்துக்கொண்ட வரலாறு நம் நாட்டில் உண்டு. அன்றைய ஆந்திரத்தின் (இன்றைய தெலங்கானாவின்) கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுக்கான தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்து, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. சிறுமிகள் சிலர் இறந்திருந்தார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது; தடுப்பூசி நல்ல தடுப்பூசி என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் கையெழுத்து இல்லை. விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. மும்பையிலும், குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 1998இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்று ஆய்வில், வினிகர் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை அந்நோயால் ஏற்படும் மரணத்தை 31 விழுக்காடு குறைத்தது என்ற அருமையான முடிவு கிடைத்தது. அதே ஆய்வில், பரிசோதனை செய்யப்படாத பிரிவுப் பெண்களுக்கு, வேறு சோதனை முறைகள் இருக்கின்றன என்பது போதிய அளவு விளக்கப்பட்டதா என்ற கேள்வியும் எழுந்தது. பயன் பெரிதாக இருந்தாலும் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

இப்போது நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் நெல்லைச் சீமைப் பெண்மணி ஒருவரோடு ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவருக்குச் சந்தை இந்தி சரளமாக வரும், படிக்க வராது. ஆய்வில் சேர்வதற்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தடித்த கட்டாக இந்தியில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். படிவத்தை நீட்டிய பெண் மரியாதையானவர், கடுமையாக எதுவும் பேசவில்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. அம்மாவுடன் வந்திருந்த மகன், "டாக்டர் நல்லதுன்னுதான் சொல்றாரு, போடும்மா" என்றான். நான் குறுக்கிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, மாடிப்படி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். குலுக்கல் பற்றிய பக்கம் வந்ததும் அவர் என் கையைத் தடுத்தார். "அப்போ எனக்குப் புது மருந்து கிடைக்காமலும் போவுமா அண்ணாச்சி?" அதுவரை புது மருந்து தனக்கு நிச்சயம் என்றே அவர் நம்பியிருந்தார். இன்னும் சில பக்கம் கழித்து, "பாதியில வேண்டாம்னு சொன்னா வைத்தியத்தையே நிறுத்திருவாகளா?" என்று கேட்டார். நிறுத்த மாட்டார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை தொடரும் என்று படிவத்திலேயே எழுதியிருந்தது. அந்த வரியை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், அடுத்த முறை வந்தபோது சேர்ந்தார். வேறொருவர், சர்க்கரை நோயாளி, இதே போல முழுவதும் கேட்டுவிட்டு, இத்தனை தடவை வந்தால் நாள்கூலி போய்விடும் என்று மறுத்தார். இரண்டு முடிவுகளும் எனக்கு ஒரே அளவு நிறைவைத் தந்தன.

மகன் இருக்கிறானே, அவன் சொல்ல மாட்டானா என்று கேட்கலாம். மகன் நல்ல பிள்ளை. அதனாலேயே, உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரி வரும்போது அதைத் தாண்டிவிடுவான். வார்டில் வேலை பார்க்கும் தமிழ் ஆயாவை அழைத்தால், சம்பளம் தரும் இடத்தைப் பற்றி அவர் எப்படித் தயக்கமில்லாமல் பேசுவார்? வெளியாள்தான் வேண்டும்.

இது என் ஆசை மட்டும் அல்ல. 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளில், தகவல் நோயாளிக்குப் புரியும் மொழியில், தொழில்நுட்பச் சொற்கள் இன்றி இருக்க வேண்டும் என்றும், படிக்கத் தெரியாதவர் என்றால் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் ஒப்புதல் பெறும் நேரம் முழுவதும் உடனிருக்க வேண்டும் என்றும் உள்ளது. கையெழுத்தான படிவத்தின் நகல் நோயாளிக்கு உரியது. ஆய்வினால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். நிலையான பாதிப்போ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும். 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பார்த்து மரண இழப்பீட்டைக் கணக்கிடுகிறார்கள். நடைமுறையில், நகலைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டுடன் சேர்த்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பை நம்பலாமா என்பவர்களுக்கு ஒன்று. மருந்து ஆய்வு எதுவானாலும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். அந்தப் பதிவேட்டின் ஆங்கிலச் சுருக்கமான சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் ஆய்வின் நோக்கம், நடத்துபவர், எந்தெந்த மருத்துவமனைகள், ஆய்வில் சேருபவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. உடல் நலத்தோடு இருக்கும் இளைஞர்களைப் பணம் கொடுத்து அழைக்கும் ஆய்வுகள் தனி வகை. வாடகைக்காக ஒன்றை முடித்த கையோடு பெயரை மறைத்து இன்னொன்றில் சேரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவர்களுக்கு இப்போதைக்கு ஒரே வேண்டுகோள்: இடைவெளி விடாமல் சேராதீர்கள், முந்தைய மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும்.

இனி நம் சங்கங்களிடம் வருகிறேன். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நன்றாகவே நடக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. அதே சங்கங்கள், சாட்சியாக உட்காரக்கூடியவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களுக்கு எழுத வேண்டும். இதற்கு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களைவிடப் பொருத்தமானவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை. உரக்க, நிறுத்தி, புரிந்ததா என்று கேட்டுக் கேட்டுப் படிப்பது அவர்கள் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை. இந்தியும் மராத்தியும் தெரியும். தாராவியில் பாதிக் குடும்பங்களுக்கு அவர்களைத் தெரியும். அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை இரண்டுதான். சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ வாயே திறக்கக் கூடாது. கேட்ட நோயை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. தெருவில் எல்லோரும் உறவுக்காரர்களாக இருக்கும் இடத்தில் இது மிகவும் முக்கியம்.

மருத்துவமனைகளிடம் கேட்பதும் அதிகமில்லை. மராத்தி, இந்திப் படிவங்களோடு தமிழிலும் ஒன்றை அச்சடித்து வையுங்கள். பென்சில் குறி போடுவதற்கு முன், தாளை ஓர் இரவாவது வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

வாரத்தில் ஒரு நாள் முற்பகல் பரேலுக்கு வரக்கூடியவர்கள், இந்தியோ மராத்தியோ படிக்கத் தெரியுமா என்பதையும் சேர்த்து எனக்குச் செய்தி அனுப்புங்கள். பெண் நோயாளிகள் பெண்களிடமே மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்பதால், ஆசிரியைகள் முன்வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.