14 கோர் ஜியானும் 6 கோர் ஐ5-உம்

"பழைய ஜியான் போட்ட சிஸ்டம் ஒண்ணு மலிவா வருது, வாங்கலாமா?" இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி. ஜியான் என்பது இன்டெல் சர்வர்களுக்காகச் செய்யும் ப்ராசசர். ஐ5 அதே இன்டெல்லின் சாதாரணக் கணினிகளுக்கான ப்ராசசர். கேட்பவர்களில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர்கள் இருக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் சொல்லியிருப்பார்: "சர்வர் ஐட்டம்ணா, நாள் பூரா ஓடும். 14 கோர், 28 த்ரெட். புது ஐ5-ல வெறும் 6 கோர்தான்." கோர் என்பது ப்ராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி, த்ரெட் என்பது அதில் ஓடும் ஒரு வேலை வரிசை. எண்ணிக்கையைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும்.

என் பதில், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பதுதான். காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். லட்சக்கணக்கில் செலவழித்து சர்வர் வாங்கும் கம்பெனிகளிலும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன்.

கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் ஜியான் இ5-2680 வி4 மாதிரி ஒன்றாக இருக்கும். 2016-ல் வந்தது. டேட்டா சென்டர்கள் கழித்துக்கட்டியதை சீன மதர்போர்டில் பொருத்தி விற்கிறார்கள். அடிப்படை வேகம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது ஏறும் உச்ச வேகம்) 3.3. எல்லா கோரும் சேர்ந்து ஓடினால் அந்த 3.3-உம் கிடைக்காது. எதிரே 2022-ல் வந்த ஐ5-12400: 6 கோர், 12 த்ரெட், டர்போ 4.4. ஒரு கோருக்கு ஒரு கோர் என்று நிறுத்தினால் ஐ5 ஏறக்குறைய இருமடங்கு வேகம். ஜிகாஹெர்ட்ஸ் கணக்கு மட்டும் போட்டால் இந்த இடைவெளி புரியாது. ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் புதிய கோர் முடிக்கிற வேலையே அதிகம். அதனால்தான் எல்லா கோரையும் முழுதாக ஓட்டும் சோதனையில்கூட அந்த 14 கோரால் இந்த 6 கோரைத் தாண்ட முடிவதில்லை.

இட்லிப் பானையில் குழி கூடினால் ஒரு ஈட்டுக்கு நிறைய இட்லி கிடைக்கும். ஒரு இட்லி வேகும் நேரம் குறையாது. கோர் எண்ணிக்கை அந்தக் குழி எண்ணிக்கைதான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன விஷயம் இது: ஒரு வேலையில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் வேகத்தின் எல்லை. பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது.

நாம் நாள் முழுக்கச் செய்வதில் பெரும்பங்கு அந்தப் பிரிக்க முடியாத ரகம். பிரவுசரில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறது. எக்செல் மேக்ரோவும் அப்படியே. போட்டோஷாப்பில் பல வேலைகள் இரண்டு மூன்று கோருக்கு மேல் தொடுவதில்லை. வீடியோ எடிட்டிங்காவது ஜியானுக்குச் சாதகம் என்பீர்கள். அதுவும் இல்லை. ஐ5-12400-ன் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, வீடியோவை டீகோட் செய்யவே குவிக் சின்க் என்ற தனிப் பகுதியும் இருக்கிறது (பெயரில் 'எஃப்' ஒட்டியிருந்தால் இரண்டும் கிடையாது, பில்லைப் பார்த்து வாங்குங்கள்). இ5 ஜியானில் கிராபிக்ஸே இல்லை. திரையில் படம் வரவே தனி கார்டு வாங்க வேண்டும். போதாததற்கு விண்டோஸ் 11-ன் ஆதரவுப் பட்டியலிலும் இந்தச் சிப் கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது.

"அப்போ சர்வர் சிப்பே வேஸ்ட்டா?" என்று எதிர்ப்பக்கம் பாய்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

இன்டெல்லின் போட்டியாளர் ஏஎம்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த ரைசன் 9 7950எக்ஸ் டெஸ்க்டாப் சிப், எபிக் 9654 சர்வர் சிப், இரண்டிலும் அதே ஜென் 4 வடிவமைப்புக் கோர்தான். சிப்புக்குள் இருக்கும், எட்டு கோர் கொண்ட சின்னத் துண்டு ரைசனில் இரண்டு, எபிக்கில் பன்னிரண்டு. ஆக 16 கோருக்கு எதிரே 96 கோர். ஆனால் ரைசன் 5.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், எபிக் 3.7-ல் நின்றுவிடும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும், மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறும். ரைசனுக்கு 170 வாட், எபிக்குக்கு 360 வாட் என்று குறித்திருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: ரைசனில் கோருக்குப் பத்து வாட்டுக்கு மேல், எபிக்கில் நான்குகூட இல்லை. மின்சாரமும் ஏசியும் பெரும்செலவாக இருக்கும் இடத்தில் மெதுவாக ஓடுவதுதான் புத்திசாலித்தனம்.

எபிக்குக்கு விலை கொடுப்பது கோருக்காக மட்டுமல்ல. பன்னிரண்டு மெமரி சேனல் (ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதை), ஒரு சாக்கெட்டில் (ப்ராசசர் உட்காரும் இடம்) 6 டெராபைட் வரை ரேம், கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் வரிசையாகச் செருக 128 பிசிஐஇ லேன் (கார்டுகளுக்கான டேட்டா பாதை). டெஸ்க்டாப்பில் இரண்டு சேனல், கைக்குக் கிடைப்பது 24 லேன். ஏஐ மாடல் ஓட்டுபவர்களும் பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களும் இதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

பிறகு இசிசி ரேம். வேக ஒப்பீடுகளில் இது வரவே வராது, எனக்கோ இதுதான் முக்கியம். ரேமில் ஒரு பிட் தானாக மாறினால் திருத்திவிடும், இரண்டு மாறினால் சொல்லிவிடும். 2021 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இன்டெல்லை வெளுத்து வாங்கியது இதற்காகத்தான். இசிசியை சர்வர் சந்தைக்குள் பூட்டி வைத்து எல்லோருக்கும் கேடு செய்துவிட்டார்கள் என்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவருடைய சொந்த மெஷினிலேயே ரேம் கெட்டு, லினக்ஸ் வேலை தாமதமானது. அதில் இருந்தது இசிசி இல்லாத ரேம்! புது ரக ரேமான டிடிஆர்5-க்குள்ளேயே இசிசி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ரேம் சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும். அங்கிருந்து ப்ராசசர் வரை வரும் வழிக்குக் காவல் இல்லை.

சின்ன கம்பெனிக்கு சர்வர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே மாதம் ஏஎம்டி, எபிக் 4004 என்று ஒரு வரிசை விட்டது. டெஸ்க்டாப் ரைசனுக்கான அதே ஏஎம்5 சாக்கெட், 16 கோர் மாடலில் அதே 5.7 ஜிகாஹெர்ட்ஸ். அதாவது தயாரித்தவர்களே டெஸ்க்டாப் சிப்பை சர்வர் என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். பத்து இருபது பேர் உட்காரும் பில்லிங் சாஃப்ட்வேருக்கு அதுவும் இசிசி ரேமும் தாராளம். விண்டோஸ் சர்வர், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டுக்கும் கோர் கணக்கில் லைசென்ஸ் வாங்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். தூங்கும் கோருக்கும் பணம் கட்டுகிறீர்கள். பெரிய இடங்களிலும் இதே கவலை இருப்பதால்தான் எபிக் 9175எஃப் என்று ஒன்று இருக்கிறது: வெறும் 16 கோர், 512 எம்பி கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி), 5 ஜிகாஹெர்ட்ஸ்.

ஜியான் ஆசை இன்னும் விடவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். இப்போதிருக்கும் சிஸ்டத்தில் உங்கள் வழக்கமான வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் சிபியு கிராஃபை லாஜிக்கல் ப்ராசசர் வாரியாக மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டம் மட்டும் நிரம்பி மற்றவை காலியாகக் கிடக்கிறதா, எல்லாமே நிரம்புகிறதா? ஸ்கிரீன்ஷாட்டை கமென்டில் போடுங்கள். என்ன சாஃப்ட்வேர், என்ன பட்ஜெட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.