மணல் திருட்டு என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள்

2023 ஏப்ரல் 25, பட்டப்பகல். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு கோவில்பத்தின் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை, அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து இருவர் அரிவாளால் வெட்டிக் கொன்றார்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தார். தன் வேலையைத்தான் செய்தார்.

அந்தச் செப்டம்பரிலேயே இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அரசு ஊழியரை அவர் நாற்காலியிலேயே வெட்டும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

கொலை நடந்து எட்டு மாதம் கழித்து அதே தாமிரபரணி கரைமீறி வந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. அந்த மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கக் காணும் சராசரி மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கும் ஈரப்பதம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். இப்படிக் கொட்டும் மழையை இனி நாம் எதிர்பார்த்தே வாழ வேண்டும்.

மணல் அள்ளியதால்தான் வெள்ளம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அத்தனை மழைக்கு எந்த ஆறும் திணறும். ஆனால் ஆற்று மணல் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரம். அதைச் சுரண்டினால் படுகை தாழ்கிறது, கரையின் அடி அரிக்கப்படுகிறது. குடிநீருக்காக ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகள் மணல் மட்டத்துக்கு மேலே அம்மணமாக நிற்கின்றன. கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றுகின்றன. முகத்துவாரப் பக்கம் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி அடிக்கும் காலத்தில், இரண்டையும் தாங்கும் உறுப்பையே வெட்டி லாரியில் ஏற்றுகிறோம்.

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு முதிய வயதில் இதற்காக நீதிமன்றம் ஏறினார். 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் எடுக்கத் தடை விதித்தது. தடை விதித்தும் திருட்டு நிற்கவில்லை. இரவு நேரத்துக்கு மாறியது, மணல் இல்லை, வெறும் சவுடு மண் (வண்டல் கலந்த மண்) என்று பெயர் மாற்றிக்கொண்டது.

2025 ஜனவரியில் புதுக்கோட்டை திருமயம் அருகே, சட்டவிரோதக் கல்குவாரிகளை எதிர்த்துவந்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். விபத்து இல்லை, கொலை என்று வழக்குப் பதிவாகி, குவாரி உரிமையாளர்களே கைதானார்கள். ஆற்று மணலோ மலைக் கல்லோ, கேள்வி கேட்பவரின் உயிருக்கு ஆபத்து ஒன்றுதான். பாதுகாப்பு என்றால் எல்லையும் ராணுவமும் மட்டும்தானா? கிராம அலுவலகத்துக்குள் அரசு தன் ஊழியரைக் காக்க முடியாதபோது அந்த ஊரில் யாருக்குப் பாதுகாப்பு?

எனக்கும் இதில் பங்கு உண்டு. வீடு கட்டியபோது யூனிட் என்ன விலை என்று பேரம் பேசினேன். மணல் ஏற்றிவர அரசு கொடுக்கும் அனுமதியான நடைச்சீட்டு எங்கே என்று லாரிக்காரரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இன்று வீடு கட்டும் நண்பர்கள் கேளுங்கள். ஆற்று மணல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் கல்லை உடைத்துச் செய்யும் தரமான எம்-சாண்ட் வாங்குங்கள்.

அரசிடம் ஒரே கோரிக்கை. கிராம நிர்வாக அலுவலரோ ஊர்க்காரரோ மணல், கல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்தால், விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவிலிருந்தே அவர் வீட்டுக்குக் காவல் போடுங்கள்.