வெள்ளைப் பந்து யார் கையில்?
பூல் (கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் மேசை விளையாட்டு) பற்றிய உங்கள் கட்டுரை, பொழுதுபோக்குப் பூலுக்கும் போட்டிப் பூலுக்கும் விதிகளில் பெரிய வேறுபாடில்லை என்று முடித்துவிடுகிறது. ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேசியச் சேவையின்போது முகாம் கேன்டீனில் நாங்கள் ‘எட்டுப் பந்து’ என்ற பூல் வகையை ஆடுவோம். வெள்ளைப் பந்து குழியில் விழுந்தால், எதிராளி அதை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். அவருடைய பந்துகளும் கோட்டுக்குப் பின்னாலேயே கிடந்தால், நேராக அடிக்க வழியேது? தவறு செய்தவனுக்கே லாபம்! போட்டி விதிப்படி, தொடக்க அடியில் விழுந்தால் மட்டுமே அந்தக் கோடு. மற்றபடி மேசையில் எங்கும் வைக்கலாம்.

போட்டி விதிகள் தெரியாமல் ஒரு சிறு போட்டிக்குப் போனேன். வெள்ளைப் பந்தால் என் பந்தை மெல்லத் தொட்டு, அதன் பின்னால் வெள்ளைப் பந்தை ஒளித்துவைத்த பெருமையில் நிமிர்ந்தேன். நடுவர் தவறு என்றார். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து மேசை விளிம்பில் பட வேண்டும், இல்லையேல் குழியில் விழ வேண்டுமாம். எதிராளி வெள்ளைப் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, நிதானமாகத் தனக்குத் தோதான இடத்தில் வைத்தார். அதன்பின் நான் எழவே இல்லை.

தொடக்க அடியிலேயே, கடைசியாகப் போட வேண்டிய கறுப்புப் பந்து விழுந்தால் வெற்றி என்பதும் கேன்டீன் சட்டம்தான்.

இன்னொன்று: நம் சிங்கப்பூர் பூல் வீரர் அலோய்சியஸ் யாப் 2021இல் அமெரிக்க ஓப்பன் பூல் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனது ‘ஒன்பது பந்து’ என்ற இன்னொரு வகை ஆட்டத்தில். எந்தக் குழியில் பந்தைப் போடப்போகிறோம் என்று அதில் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. எல்லா ஆட்டத்துக்கும் சொல்ல வேண்டும் என்று கட்டுரையில் உள்ள வரியைத் திருத்துங்கள்.