ஷாஃப்ட் வண்டிக்கு வேலையே இல்லையாம், யார் சொன்னது?

போன சனிக்கிழமை என் பழைய பிஎம்டபிள்யூ கே75-ன் பின்சக்கரத்தைக் கழற்றி, பின் டிரைவ் பெட்டியை, அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கும் கியர் பெட்டியை, பிடித்து இழுத்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவிப் பொடி. தொட்டால் குங்குமம் மாதிரி விரலில் ஒட்டுகிறது. துருதான். உள்ளே இரும்பும் இரும்பும் வருடக்கணக்காக ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்க, மேலே உட்கார்ந்து நான் "ஷாஃப்ட் வண்டிப்பா, செயின் தொல்லையே கிடையாது" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

நம் ஊரில் ஷாஃப்ட் பைக் அபூர்வம் என்பதால் சின்ன விளக்கம். செயினுக்குப் பதில் ஒரு தண்டு சுற்றிப் பின்சக்கரத்தை ஓட்டும். லாரிக்கு அடியில் நீளமாக ஒரு குழாய் சுற்றுமே, அதில் மடங்கும் யூ ஜாயின்ட், கடைசியில் ஓட்டத்தைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி, அதே சங்கதி குட்டியாக. பிஎம்டபிள்யூ தன் பெயரில் விட்ட முதல் பைக்கான ஆர்32-லேயே, 1923-ல், இதைத்தான் வைத்தது. என்னுடையது 1991 மாடல், பெர்லின் ஷ்பாண்டாவ் ஆலையில் செய்தது, 740 சிசி, மூன்று சிலிண்டர், ஓட்டம் 94,000 கிலோமீட்டர். நான் இருப்பது ஷ்டுட்கார்ட்டில், வாங்கி நான்கு வருடம் ஆகிறது.

கறுப்புக்காட்டுப் பக்கம் பி500 மலைச்சாலையில் போய்விட்டுத் திரும்பும்போதுதான் முதலில் கவனித்தேன். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி திருகும்போது பின்னால் ஒரு "டக்". பட்டறையில் காட்டினால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இன்னொரு இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல் 1,400 யூரோ என்றார்கள். முந்தைய ஓனர் கொடுத்த சர்வீஸ் புத்தகத்தில் வருடம் தவறாமல் பின் டிரைவ் ஆயில் மாற்றியதாக முத்திரை வேறு இருக்கிறது.

என் கோபமே அந்த முத்திரையின் மேல்தான். பின் டிரைவ் ஆயில் கிரவுன் பினியனை மட்டும்தான் நனைக்கும். ஷாஃப்ட்டின் முனையும் பினியனின் முனையும் கோத்துக்கொள்ளும் ஸ்ப்ளைன் பற்கள் ஆயில் சீலுக்கு வெளியே, காய்ந்த இடத்தில் இருக்கின்றன. கால் லிட்டர் சொச்சம் ஆயிலை வருடா வருடம் மாற்றினாலும் அந்தப் பற்களுக்கு ஒரு சொட்டுகூடப் போய்ச் சேராது. பெட்டியைக் கழற்றிக் கையால் தடவினால்தான் உண்டு. செயினாவது காய்ந்தால் கத்தும், தொங்கும், பார்த்தாலே தெரியும். இது பெரிதாகச் சத்தம் போடாமல் தேய்ந்து, ஒருநாள் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி நகராது.

சோதிக்கக் காசே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும், கியர் பற்களுக்கு நடுவே இடைவெளி வேண்டுமே. டயரின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆடினால் நானாக இருந்தால் திறந்துவிடுவேன்.

திறப்பது அவ்வளவு பெரிய வித்தையும் இல்லை. சக்கரத்துக்கு நான்கு போல்ட், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், ஸ்பீடோமீட்டர் சென்சார், பிரேக்கை அவிழ்த்து ஓரமாகக் கட்டி வைப்பது, பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், அவ்வளவுதான். பெட்டி வந்ததும் ஷாஃப்ட்டைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் கியர்பாக்ஸ் பக்கத்தில் அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற கம்பி வளையம் விட்டுக் கொடுத்துவிடும். வராதா, சுத்தியலைத் தேடாதீர்கள், இன்னொரு உலுக்கு. (இங்கே ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறப்பார். அதனால் ஞாயிறு முழுக்கத் துடைக்கிற வேலை மட்டும்.)

டீசலில் கழுவிவிட்டு பினியன் முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. என்னுடையதில் தலையே இல்லை. ஒரு பக்கம் குடைந்து, கத்தி முனை மாதிரி கூராகி, எல்லாப் பல்லும் ஒரே திசையில் சாய்ந்து நிற்கிறது. நகத்தை வைத்தால் நகம் சிக்குகிறது.

உடனே நண்பர் ஒருவர் போனில், "எங்கிட்ட வெல்டிங் மெஷின் இருக்கு, பல்லை ரொப்பி அரத்தால ராவிடலாம்" என்றார். அன்போடுதான் சொன்னார், ஆனால் வேண்டவே வேண்டாம். அந்தப் பல்லின் மேல்தோல் கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், மையமும் விலகும், அரத்தால் ராவி அந்த அளவைப் பிடிக்க முடியாது. பழைய பல்லை வெட்டிவிட்டுப் புதுப் பல்லை மையம் பிசகாமல் வைத்துத் தருகிற லேத் ஆட்கள் உண்டு, அது அவர்கள் வேலை. கிரவுன் பினியனுக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டு இடைவெளி பிடிப்பதும் அப்படித்தான், நான் அந்தப் பக்கமே போவதில்லை. கழற்று, கழுவு, பார், தேய்ந்ததை மாற்று, தடவிப் பூட்டு. வீட்டு வேலை எனக்கு இதோடு முடிந்தது.

பழைய சாமான் கடையில் பெட்டி 180 யூரோ, ஷாஃப்ட் 60. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். செயின் செட்டில் ஸ்ப்ராக்கெட்டை விட்டுவிட்டுச் செயினை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று நம்மூர் மெக்கானிக் தம்பிக்கே தெரியும், இங்கும் அதே கதை. வாங்கும்போது பல் விகிதத்தையும் பாருங்கள், உறையிலேயே பொறித்திருக்கும். நான்கு சிலிண்டர் அண்ணனான கே100-ன் பழைய மாடல் பெட்டி கே75-ல் உட்காரும், ஆனால் விகிதம் வேறு, வண்டி மந்தமாகிவிடும்.

தடவுவதற்கு சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டாம். இந்தப் பற்கள் உருள்வதில்லை, நல்ல அழுத்தத்தில் நூலளவு முன்னும் பின்னும் வழுக்குகின்றன, கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விடும். மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிகம் உள்ள பேஸ்ட், 60 சதவீதம் மாதிரி, வாங்குங்கள். கறுப்பு மை போல இருக்கும், கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. மெல்லப் பூசினால் போதும், அப்பி அடைத்தால் காற்று சிக்கிப் பெட்டி உட்காராமல் அடம்பிடிக்கும். பிரேக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கர போல்ட்டுக்கு 105 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்தே.

டக் சத்தம் போய்விட்டது. இனி பின் டயர் மாற்றும்போதெல்லாம் பெட்டியையும் இறக்கப் போகிறேன். ஆனால் இதே மாதிரி ஸ்ப்ளைன் கிளட்ச் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். என்னுடையது இங்கே கிடைக்கும் சீசன் நம்பர் பிளேட், மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் செல்லும், மற்ற மாதங்களில் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. நவம்பர் வரட்டும்.