என் சுபாவம் அப்படி

"எனக்குக் கோபம் வரும், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். என் சுபாவம் அப்படி." வருடக்கணக்கில் சபைக்கு வருகிறவர்களே இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். குடியை விட்டதைச் சாட்சியாகச் சொல்வோம்; கோபத்தை மட்டும் பிறவிக்குணம் என்று தேவனுடைய கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்வோம். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகளை, அதாவது பாவ சுபாவத்தின் செயல்களை, அப்போஸ்தலன் பவுல் அடுக்கும்போது, விபசாரமும் வெறிகளும் இருக்கிற அதே வரிசையில்தான் கோபங்களும் சண்டைகளும் வருகின்றன.

அடக்கவே முடியாத கோபம் என்பதும் பாதிப் பொய். வீட்டில் கத்திக்கொண்டிருப்பவருக்குப் போதகரிடமிருந்து போன் வரட்டும். "ஸ்தோத்திரம் ஐயா" என்று குரல் எப்படிக் குழைகிறது! போனை வைத்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பம்.

அதற்காக ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று சொல்லவில்லை. பவுலையே பாருங்கள். தமஸ்கு வழியில் ஆண்டவரைச் சந்தித்தவர், முதல் ஊழியப் பயணத்தையும் முடித்தவர். அப்புறமும், பம்பிலியாவில் தங்களை விட்டுப்போன மாற்குவைத் திரும்பச் சேர்ப்பதா என்ற பேச்சில் கடுங்கோபம் மூண்டு, அந்தப் பயணத்தில் கூடவே ஊழியம் செய்த பர்னபாவைப் பிரிந்தார். முன்பு சபையைத் துன்பப்படுத்தியவர் என்று எருசலேமில் சீஷர்கள் பவுலைக் கண்டு பயந்தபோது அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிப்போனவரே இந்தப் பர்னபாதான். பல வருடங்கள் கழித்து, சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த நிலையில் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." மாற்குவும் தேறியிருப்பார், சரி. ஆனால் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளையே கேட்டு வரவழைக்கிற மனசு பவுலுக்கு வந்திருக்கிறதே! அவர் செய்த அற்புதங்களைவிட இந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

"தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று சங்கீதம் 139ஐச் சொல்லி ஜெபிக்கிறோம். பதில் பெரும்பாலும் மனைவி வாயிலிருந்தோ பிள்ளை வாயிலிருந்தோதான் வருகிறது. வந்தவுடன், "என்னையே எதிர்த்துப் பேசுறியா?" என்கிறோம். தேவன் என்னை மாற்றட்டும் என்று ஒப்புக்கொடுத்தவர் அந்த இடத்தில் வாயை மூடிக் கேட்கவாவது வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன களிமண்ணைத் திரும்ப வனைகிற குயவனுக்குத் தேவனை ஒப்பிடும் எரேமியா 18ஐ எடுத்துக்கொண்டு, வீட்டில் அடிவாங்குகிறவரிடம் போய் "கர்த்தர் உன்னை வனைகிறார், பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. மாறவேண்டியது அடிக்கிறவருடைய சுபாவம்; சபை மூப்பர்கள் போய் உட்கார்ந்து பேசவேண்டியதும் அந்த ஆளிடம்தான்.